நெய்வேலிப் பூச்சாடிக்கு முத்தாண்டிக்குப்பத்துச் சம்பங்கி

தோட்டக்கலை நூல்கள் மலர்ப் பயிர்களை உதிரிமலர், கொய்மலர் என இரண்டாகப் பகுக்கின்றன. காம்பின்றியோ மிகக் குறுகிய காம்புடனோ பறிக்கப்பட்டு, எடையாலும் முழத்தாலும் விற்கப்படும் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், அரளி போன்றவை உதிரிமலர்கள். நீண்ட தண்டோடு வெட்டப்பட்டு, நீரில் நிறுத்தி வைக்கப்பட்டு, தண்டுக்கு இத்தனை ரூபாய் என விற்கப்படும் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன், லில்லி போன்றவை கொய்மலர்கள். முதல் வகை தமிழ்நாட்டில் கூந்தலோடும் கோயிலோடும் பிணைந்து பல நூற்றாண்டுகளாக வளர்ந்தது. மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடும், தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-இல் கிடைத்த அதே சிறப்பும் அந்த மரபுக்கு உரியவை. இரண்டாம் வகை நீலகிரி, கொடைக்கானல் மலைகளிலும் ஓசூரின் பசுமைக்குடில்களிலும் நிலைபெற்று, அங்கிருந்து சமவெளி ஊர்களின் திருமண மேடைகளுக்கும் அலுவலக மேசைகளுக்கும் வந்து சேர்ந்தது. உதிரிமலர் பெரும்பாலும் அண்டை வட்டாரத்திலிருந்து வர, கொய்மலர் பல மாவட்டங்களைக் கடந்து வருகிறது. அந்தத் தொலைவைக் குறைக்க முடியுமா, அதையும் செயற்கை நஞ்சுகளின் துணையின்றிச் செய்ய முடியுமா என்னும் கேள்விக்கு, நெய்வேலி நகரியத்தை அடுத்த முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களை முன்வைத்து விடை தேடலாம். முடியும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கான பயிர் ஒன்று, உதிரிமலராகவும் கொய்மலராகவும் ஒருசேரப் பயன்படும் சம்பங்கி என்னும் பெயரில், தமிழ்நாட்டு உழவர்களின் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

முத்தாண்டிக்குப்பம் பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரிக் காட்டுப் பகுதியைச் சேர்ந்த ஊர். செம்மண்ணும் மணலும் கலந்த, நீர் எளிதில் வடியும் நிலம் இப்பகுதி முழுவதும் பரந்திருக்க, அதன்மேல் முந்திரியும் பலாவும் தலைமுறைகளாக நிற்கின்றன. அதே நிலத்தின் அடியில் பழுப்பு நிலக்கரி கிடப்பது 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தெரியவந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, வட்டங்களாகப் பகுக்கப்பட்ட திட்டமிட்ட நகரியம் ஒன்று அங்கே எழுந்தது. மாதச் சம்பளம் பெறும் குடும்பங்கள், கோயில்கள், பள்ளிகள், மண்டபங்கள், பங்குனி உத்திரத்துக்குத் திரளும் வில்லுடையான்பட்டு முருகன் கோயில் கூட்டம், ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சி என மலருக்கான தேவை அடர்ந்து கிடக்கும் நகரியமும், அதன் விளிம்பிலேயே விளைநிலம் உள்ள கிராமங்களும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பது தமிழ்நாட்டில் அரிது. காலையில் வெட்டிய தண்டு காலை உணவுக்கு முன்பே வீடு சேரக்கூடிய இந்த அண்மைதான் இவ்வட்டாரத்தின் பெரிய முதல். அது இன்னும் முறையாகப் பயன்படுத்தப்படவில்லை.

உண்ணாத பயிரிலும் நஞ்சு

இயற்கை வேளாண்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் அரிசி, காய்கறி, பால் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. பூ உண்ணும் பொருள் அன்று என்பதால் அதில் தெளிக்கப்படுவது பற்றி எவரும் கேட்பதில்லை. சட்டமும் அவ்வாறே அமைந்துள்ளது. உணவுப் பொருள்களில் பூச்சிக்கொல்லி எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உச்ச வரம்புகள் வகுக்கப்பட்டிருக்க, கொய்மலர்களுக்கு அத்தகைய வரம்பு ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. இதன் விளைவை 2016-இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. அந்நாட்டின் ஏழு பெரிய நகரங்களின் பூக்கடைகளிலிருந்து ரோஜா, ஜெர்பரா, சாமந்தி ஆகியவற்றின் 90 பூக்கொத்துகளைப் பெற்றுச் சோதித்தபோது, அவற்றில் மொத்தம் 107 வேதிப்பொருள்களின் எச்சங்கள் காணப்பட்டன. ஒரு கொத்துக்குச் சராசரியாகப் பத்து, ரோஜாவில் அதனினும் மிகுதி. நாள்தோறும் பல மணி நேரம் பூக்களைக் கையாளும் கடைத் தொழிலாளரின் தோல் வழியாக இவை உடலுக்குள் செல்லக்கூடும் என்பதே அந்த ஆய்வாளர்களின் கவலை.

தமிழ்நாட்டில் அந்தக் கவலை இன்னும் கூடுதலான பொருத்தம் உடையது. இங்கே பூ மேசைமேல் மட்டும் இருப்பதில்லை. நாள் முழுவதும் கூந்தலில் இருக்கிறது, கழுத்தில் மாலையாகக் கிடக்கிறது, பிரசாதமாகக் கண்ணில் ஒற்றப்படுகிறது, குழந்தையின் தலையில் சூட்டப்படுகிறது. வெறுங்கையால் மணிக்கணக்கில் பூத்தொடுக்கும் பெண்களுக்கு உறையோ முகக்கவசமோ இருப்பதில்லை. மல்லிகையில் மொட்டுப்புழுவும், மொட்டினுள் முட்டையிட்டு அதை ஊதா நிறமாக்கிக் கெடுக்கும் பூ ஈயும் பருவம் முழுவதும் தொல்லை தருவதால் மருந்தடிப்பு அடிக்கடி நடக்கிறது. இன்று தெளித்ததை நாளை விடியலில் பறிக்க வேண்டிய பயிர் அது. காய்கறிக்குச் சொல்லப்படும் காத்திருப்புக் காலம், அதாவது மருந்து தெளித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள்கள், நாள்தோறும் பூக்கும் செடியில் கடைப்பிடிக்க இயலாத ஒன்று. பூவின் வழியாக வரும் நஞ்சைக் குறைக்க நம்பத்தக்க வழி, அதைத் தோட்டத்திலேயே தவிர்ப்பதுதான்.

முந்திரி விளையும் வட்டாரத்துக்கு இதில் மறக்கக்கூடாத பாடமும் உண்டு. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின்மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை வானூர்தி மூலம் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டு, அதன் துயரம் தலைமுறைகளைத் தொட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. பண்ருட்டிப் பகுதியில் வானூர்தித் தெளிப்பு இல்லையென்றாலும், முந்திரி தளிர்த்துப் பூக்கும் மாதங்களில் தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சிப் பூச்சிக்கு எதிராகத் தோப்புகளில் மருந்தடிக்கும் வழக்கம் உண்டு. ஆகவே தோப்பை ஒட்டி இயற்கை முறையில் பூ வளர்க்க விரும்புவோர், தம் நிலத்தில் தெளிக்காமல் இருப்பதோடு, காற்றில் வரும் சாரலைத் தடுக்கும் காப்பு வரம்பையும் அமைத்தாக வேண்டும். அகத்தி, ஆமணக்கு, சோளம் போன்றவற்றை எல்லையில் நெருக்கமாக விதைத்து உயரமான திரையாக வளர்ப்பது எளிய வழி. அந்தத் திரையின் அறுவடை இயற்கை விளைபொருளாகக் கருதப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அண்மை என்னும் தரம்

கொய்மலரின் தரத்தைத் தீர்மானிப்பவற்றுள் காலமும் வெப்பமும் முதன்மையானவை. வெட்டப்பட்ட பின்னும் தண்டும் இதழும் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன. சேமித்து வைத்த சர்க்கரை கரைகிறது, நீர் ஆவியாகிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது இந்தச் சுவாசம் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமடைகிறது. இதனாலேயே தொலைதூர வணிகம், பறித்த நொடி முதல் விற்பனை வரை பூவைக் குளிரிலேயே வைத்திருக்கும் குளிர்தொடரை நம்பியிருக்கிறது. அத்தொடர் ஓர் இடத்தில் அறுந்தாலும் பூவின் ஆயுளில் சில நாள்கள் போய்விடும். வெளியே குறை தெரியாது, வாங்கியவரின் வீட்டில்தான் தெரியும். கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் வெட்டப்படும் ரோஜா வானூர்தியில் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலக்கூடத்துக்குப் பறப்பதும், ஓசூரின் சிவப்பு ரோஜா பிப்ரவரி மாதத்தில் கடல் கடப்பதும் இந்தக் குளிரின் துணையால்தான்.

இவ்வளவு தொலைவைத் தாங்குவதற்காகவே பூவின் இயல்பும் மாற்றப்பட்டது. தண்டு நேராக இருக்க வேண்டும், இதழ் தடித்திருக்க வேண்டும், சாடியில் பல நாள் நிற்க வேண்டும் என்ற அளவுகோல்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கலப்பினங்களில் பல மணத்தை இழந்துவிட்டன. கடையில் வாங்கும் பெரிய ரோஜாவை முகர்ந்து பார்த்து ஏமாற்றம் அடையாதவர் குறைவு. மணத்தையே பூவின் உயிராகக் கருதும் ஒரு சமூகத்துக்கு இது சிறிய இழப்பன்று. அருகில் விளையும் பூவுக்கு அந்தப் பயணத் தகுதிகள் தேவையில்லை. மென்மையான இதழும் வளைந்த தண்டும் நிறைந்த மணமும் உள்ள வகைகளை அது துணிந்து ஏற்கலாம்.

மேலைநாடுகளிலும் இந்த எண்ணம் ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் டெப்ரா பிரின்சிங் 2013-இல் வெளியிட்ட நூலின் வழியாக, உள்ளூர்ப் பருவத்தில் விளைவதைக்கொண்டே பூக்கொத்து அமைக்கும் பழக்கம் பரவியது. பிரித்தானியாவில் 2011-இல் தொடங்கிய உள்ளூர்ப் பூ விவசாயிகள் கூட்டமைப்பு அதே வழியில் செல்கிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் கலப்புப் பூக்கொத்தோடு ஒப்பிட, உள்ளூரில் திறந்தவெளியில் விளைந்த கொத்தின் கரிம வெளியேற்றம் பன்மடங்கு குறைவு என லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆனால் பண்ருட்டிக்கு அருகில் வாழ்வோர் இதை வெளியிலிருந்து கற்க வேண்டிய தேவையில்லை. சோழர் காலக் கல்வெட்டுகள் கோயில் நந்தவனங்களுக்கு விடப்பட்ட நிலங்களையும், அவற்றைப் பேணியோருக்கு வகுக்கப்பட்ட வாழ்வூதியத்தையும் பதிவுசெய்துள்ளன. பூசைக்குரிய பூ கோயிலின் நிலத்திலேயே விளைய வேண்டும் என்ற ஏற்பாடு அது. அப்பரின் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் நந்தவனம் அமைத்து, மலர் கொய்து மாலை தொடுத்துத் தொண்டு செய்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அந்தத் திருவதிகை இன்றைய பண்ருட்டியின் ஒரு பகுதி.

சம்பங்கியும் அதன் மண்ணும்

நிலச்சம்பங்கி என்றும் வடஇந்தியாவில் ரஜனிகந்தா என்றும் வழங்கும் இச்செடியின் தாயகம் மெக்சிகோ. ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்து, இன்று சத்தியமங்கலம், திண்டுக்கல் பகுதிகளில் பெரும்பரப்பில் பயிராகிறது. மரத்தில் பூக்கும் செண்பகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒடுங்கிய இலைகளின் நடுவிலிருந்து எழும் ஒற்றைப் பூந்தண்டில், கீழிருந்து மேலாக இணை இணையாக வெண்மலர்கள் விரியும்; மாலையில் மணம் மிகும். ஒரே அடுக்கு இதழுள்ள ஒற்றை வகைகள் மணம் மிகுந்தவை, மாலைக்கும் நறுமணச் சாற்றுக்கும் உரியவை. பல அடுக்கு இதழுள்ள இரட்டை வகைகள் தண்டோடு வெட்டிச் சாடியில் வைப்பதற்கு ஏற்றவை. பெங்களூரு ஹேசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஷ்ருங்கார், பிரஜ்வல் ஆகியவை ஒற்றை வகையைச் சேர்ந்தவை, சுவாசினி, வைபவ் ஆகியவை இரட்டை வகையைச் சேர்ந்தவை. பிரஜ்வலின் தண்டு நீளமும் உறுதியும் உடையதாதலால் அதை இரு பயனுக்கும் கொள்ளலாம். நெய்வேலி போன்ற உள்ளூர்ச் சந்தைக்கு இதுவே சிறந்த தேர்வு: முகூர்த்த நாள்களில் தண்டாக வெட்டலாம், தண்டுக்குக் கேட்பு இல்லாத நாள்களில் பூவை உதிரியாகப் பறித்துப் பண்ருட்டி, கடலூர்ப் பூக்கடைகளுக்கு அனுப்பலாம். ஒரே பயிருக்கு இரண்டு வாசல் இருப்பது, விலை ஏறி இறங்கும் பூ வணிகத்தில் சிறு உழவருக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு.

சம்பங்கி நீர் தேங்காத மணற்பாங்கான நிலத்தை விரும்பும். அவ்வகையில் முந்திரிக் காட்டுச் செம்மண் அதற்கு ஏற்றதே. ஆயினும் இம்மண் அங்ககப் பொருள் குறைந்தது, பல இடங்களில் சற்று அமிலத்தன்மை உடையது. கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருப்பதே சம்பங்கிக்கு உகந்தது என்பதால், நடவுக்கு முன் மண்ணைச் சோதித்து, தேவையானால் சுண்ணாம்பு இட்டுச் சீராக்க வேண்டும். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும் எட்டும் தூரத்தில் இருப்பது இவ்வட்டார உழவர்களுக்கு வாய்த்த வசதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் இட்டு, 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். இதைச் சென்ட் கணக்கில் சொன்னால், ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ தொழுவுரமும் 450 கிழங்குகளும் ஆகும். தொடக்கத்தில் பத்து சென்ட்டே போதும். முந்திரித் தோப்பில் கொட்டிக் கிடக்கும் சருகை வரிசைகளுக்கு இடையே மூடாக்காகப் பரப்பினால், அதாவது மண்ணின் மேற்பரப்பை வெயில் படாமல் மூடி வைத்தால், ஈரம் காக்கப்படுவதோடு களையும் அடங்குகிறது. நாளடைவில் அச்சருகே மக்கி மண்ணுக்கு உரமாகிறது. மற்ற ஊர்கள் விலை கொடுத்து வாங்கும் மூடாக்கு இங்கே காலடியில் கிடக்கிறது.

இயற்கை முறைச் சாகுபடியில் சம்பங்கியின் உண்மையான பகை மண்ணுக்குள் இருக்கும் வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குப் புலப்படாத இந்தப் புழு வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, செடியை மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்யும். இலை மஞ்சளாகித் தண்டு குட்டையாகும்போதுதான் உழவருக்குத் தெரியவரும், அப்போது காலம் கடந்திருக்கும். இதற்கு மருந்துக் கடையைவிட நல்ல விடை பூவுலகத்திலேயே உள்ளது. கேந்தி என்றும் செண்டுமல்லி என்றும் வழங்கும் செடியின் வேர்கள் ஆல்ஃபா டெர்தயினைல் என்னும் பொருளை வெளியிட்டு நூற்புழுவைக் கட்டுப்படுத்துகின்றன. சம்பங்கி நடவுக்கு முந்திய பருவத்தில் அந்நிலத்தில் கேந்தியை அடர்த்தியாக வளர்த்து, பூவை விற்று, செடியை அங்கேயே மடக்கி உழுதால் நிலமும் தூய்மையாகும், வருவாயும் கிடைக்கும். அதனுடன் வேப்பம் புண்ணாக்கும், தொழுவுரத்தில் பெருக்கிய டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஆகிய நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் இடப்பட்டால் தண்டழுகல் நோயும் கட்டுக்குள் வரும். வளர்ச்சிக்கு, கொடுமுடி மருத்துவர் நடராஜன் உழவர்களிடையே பரப்பிய பஞ்சகவ்யத்தை 3 விழுக்காட்டுக் கரைசலாகத் தெளிக்கலாம். இலைப்பேன் தாக்கினால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். ஆனால் அதை மாலையில் தெளிக்க வேண்டும், மறுநாள் வெட்டும் தண்டில் படாமலும் பார்க்க வேண்டும், ஏனெனில் வேப்பெண்ணெய் வாடை சம்பங்கியின் மணத்தைக் கெடுத்துவிடும். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய, மண்ணை உயிருள்ளதாகக் காக்கும் வேளாண்மையின் பலன், மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் நிற்கும் இத்தகைய பயிரில்தான் தெளிவாக வெளிப்படும்.

சம்பங்கி மட்டும் ஒரு பூக்கொத்தை நிறைவு செய்யாது. நிறத்துக்குக் கோழிக்கொண்டையும் சூரியகாந்தியும், சிறு உருண்டைகளாக இடைவெளி நிரப்ப வாடாமல்லியும், பசுமைக்கும் மணத்துக்கும் மருக்கொழுந்தும் துளசியும் வேலி ஓரத்திலேயே வளரக்கூடியவை. இவை வருவாய்க்கும் துணையாகும். 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயல் இப்பகுதியின் முந்திரியையும் பலாவையும் பேரளவில் சாய்த்தபோது, நீண்டகால மரப்பயிரை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் வருவாயின்றித் தவித்தன. புதிதாக நட்ட கன்றுகள் நிழல் பரப்பும்வரை இடைவெளியில் மணிலாவும் பயறும் விதைப்பது வழக்கம். இரண்டு மூன்று மாதங்களில் பூத்துவிடும் கோழிக்கொண்டையையும் வாடாமல்லியையும் அந்த வரிசையில் சேர்ப்பதற்குத் தடையேதும் இல்லை. இப்பூக்களைத் தேடி வரும் தேனீக்கள் முந்திரிப் பூவிலும் அமர்ந்து மகரந்தச் சேர்க்கைக்கு உதவும்.

வெட்டியதற்குப் பின்

நல்ல பூவைக் கெட்ட பராமரிப்பு ஒரே நாளில் வீணாக்கும். சம்பங்கித் தண்டின் அடியில் முதல் ஓரிரு இணை மலர்கள் விரிந்ததும் அதை வெட்ட வேண்டும். அதற்கு முன் வெட்டினால் மேல்மொட்டுகள் விரியாமலே வாடும், பின்னர் வெட்டினால் சாடியில் நிற்கும் நாள்கள் குறையும். வெயில் ஏறுமுன், திசுக்களில் நீர் நிறைந்திருக்கும் விடியற்காலையே ஏற்ற நேரம். கூர்மையான கத்தியால் வெட்டிய உடனே தண்டைத் தோட்டத்திலேயே ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். இரும்பு அரிவாளால் நசுக்கி அறுத்து, சாக்கில் கட்டி, வெயிலில் வண்டியில் அடுக்கும் வழக்கம் உதிரிப்பூவுக்கே கேடு. கொய்மலருக்கு அது முடிவு.

வீட்டுக்கு வந்த தண்டு ஏன் வாடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அதைப் பேணுவது எளிதாகும். தண்டினுள் சைலம் எனப்படும் நுண்குழாய்த் திசு வழியாக நீர் மேலேறுகிறது. வெட்டிய முனை காற்றில் இருக்கும் சிறு பொழுதிலேயே அக்குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டத்தை அறுக்கும். பின்னர், சாடி நீரில் பெருகும் பாக்டீரியாக்கள் அதே முனையில் கோழைபோல் படிந்து அடைத்துக்கொள்ளும். சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தலைசாய்வதற்கு இவ்விரண்டுமே காரணம். ஆகவே சாடியில் வைக்குமுன் தண்டின் அடியை நீருக்குள் அமிழ்த்தியபடியே இரண்டு சென்டிமீட்டர் அளவு சாய்வாக வெட்ட வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழ் வரும் இலைகள் அனைத்தையும் நீக்க வேண்டும். சாடியைச் சமையல் பாத்திரம் அளவுக்குத் தூய்மையாகக் கழுவ வேண்டும். கேந்தியின் இலை நீரில் பட்டால் ஒரே இரவில் அழுகி நாற்றமெடுக்கும் என்பது அதை வைத்துப் பார்த்த எல்லோரும் அறிந்தது. நீரை நாள்தோறும் மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை அடிமுனையைப் புதிதாக வெட்டுவதைவிடப் பயன் தரும் மருந்து வேறு இல்லை.

கடைகளில் விற்கும் பூ உணவுப் பொடியில் இருப்பவை மூன்று: திசுக்களுக்கு ஆற்றல் தரும் சர்க்கரை, நீரின் அமிலத்தன்மையைக் கூட்டி அது தண்டில் எளிதாக ஏற உதவும் சிட்ரிக் அமிலம், பாக்டீரியாவைத் தடுக்கும் கிருமிக்கொல்லி. ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் சர்க்கரையும் அரை எலுமிச்சையின் சாறும் கலந்தால் முதல் இரண்டும் வீட்டிலேயே கிடைத்துவிடும். சம்பங்கியின் மேல்மொட்டுகள் விரிய இந்தச் சர்க்கரை நன்கு உதவுகிறது. ஆனால் சர்க்கரை பாக்டீரியாவுக்கும் உணவு என்பதால், கிருமிக்கொல்லி சேர்க்க விரும்பாதவர் நீரைத் தவறாமல் நாள்தோறும் மாற்ற வேண்டும். செப்பு நாணயம் போட்டால் பூ வாடாது என்ற பழைய நம்பிக்கையை இன்று பின்பற்றுவதில் பயனில்லை, புழக்கத்திலுள்ள ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை.

பண்ருட்டி வட்டாரத்து வீடுகளுக்குக் குறிப்பாக உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பழுக்கும் கனிகள் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. கனியைப் பழுக்கவைக்கும் அதே வாயு பூவை முதுமையடையச் செய்து இதழையும் மொட்டையும் உதிர்க்கும். கார்னேஷனும் ஆர்க்கிடும் இதற்கு மிக எளிதில் இரையாகும். சித்திரை, வைகாசி மாதங்களில் கூடத்து மூலையில் பழுத்துக்கொண்டிருக்கும் பலாவுக்கும் மாம்பழக் கூடைக்கும் பக்கத்தில் பூச்சாடியை வைக்கக் கூடாது. வெயில் நேரே படும் சன்னலோரமும், மின்விசிறியின் நேர்க்கீழும் அவ்வாறே தவிர்க்க வேண்டிய இடங்கள். சம்பங்கியின் அடியில் வாடிய மலர்களை நாள்தோறும் கிள்ளி எடுத்தால் மேல்மொட்டுகளுக்கு வலு சேரும்; அதன் மணம் மாலைக்குமேல் கனமாவதால், படுக்கையறையைவிடக் கூடமே அதற்குரிய இடம். ஜெர்பரா, சூரியகாந்தி போன்ற மயிரடர்ந்த தண்டுகளுக்கு ஆழமான நீர் ஆகாது, நான்கு விரல் உயர நீரே போதும். அரளியைச் சாடியில் வைக்காதிருப்பது நல்லது. அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு, அது நின்ற நீரும் அப்படியே. கோழிக்கொண்டையையும் வாடாமல்லியையும் முழுதும் வாடுமுன் எடுத்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினால் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும்.

மேடை அலங்காரத்தில் பச்சை நிறக் கட்டியாகப் பயன்படும் பூ நுரை பற்றித் தனியே கூற வேண்டும். 1954-இல் அமெரிக்காவில் அறிமுகமான இது ஃபீனால், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றால் ஆன நெகிழிப் பொருள். மக்காது, நொறுங்கி நுண்நெகிழியாக நீரில் கலக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அத்துகள்களை நீர்வாழ் சிற்றுயிர்கள் உட்கொள்கின்றன, அவற்றிலிருந்து கசியும் பொருள்கள் அவ்வுயிர்களைப் பாதிக்கவும் செய்கின்றன. நஞ்சின்றி வளர்த்த பூவை இதில் செருகுவது அந்த உழைப்பையே பாழாக்குவதாகும். துண்டு போட்ட வாழைத்தண்டு ஈரம் காத்துத் தண்டுகளைத் தாங்கும், நிகழ்ச்சி முடிந்ததும் எருக்குழிக்குப் போகும்.

சான்றும் சந்தையும்

இயற்கைப் பூ என்று பலகை வைத்தால் மட்டும் வாங்குபவர் நம்ப மாட்டார். 2001 முதல் நடைமுறையிலுள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் ஓராண்டுப் பயிர் நிலத்துக்கு இரண்டு ஆண்டுகளும், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டுகளும் மாறுதல் காலமாக விதிக்கப்பட்டுள்ளன. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாட்டின் அங்ககச் சான்றளிப்புத் துறை இச்சான்றை வழங்குகிறது. பத்து சென்ட் பூப் பயிரிடுவோருக்கு அதைவிட எளியது பங்கேற்பு உறுதியளிப்பு முறை: குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டு, ஒருவருக்கொருவர் சான்று கூறும் ஏற்பாடு அது. விற்பனை உள்ளூருக்குள்ளேயே நடக்கும் இடத்தில், வாங்குபவரே ஞாயிற்றுக்கிழமை வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய தொலைவில், இந்த முறையின் வலிமை கூடுகிறது. தண்டு விலையை மண்டி நிர்ணயிப்பதை நம்பாமல், நகரியக் குடும்பங்கள் மாதத்துக்கு ஒரு தொகை செலுத்தி வாரம் ஒரு கொத்துப் பெறும் சந்தா முறையும், கோயில்களோடும் மண்டபங்களோடும் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தமும் சிறு உழவர் குழுவுக்குக் கைகொடுக்கும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நின்று தண்டுக்குக் கேட்பு குறையும்போது இச்சந்தா வருவாயே குழுவைத் தாங்கும்.

சம்பங்கிக் கிழங்கு நடுவதற்குரிய காலம் ஜூன், ஜூலை மாதங்கள். ஆனியில் நட்டால் மூன்று மாதத்துக்குப் பிறகு, புரட்டாசியின் கொலுவுக்கோ ஐப்பசியின் தீபாவளிக்கோ முதல் தண்டுகள் எழும். அதையடுத்துக் கடலூர்க் கரையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் என்பதால், மழைக்கு முன்பே வடிகால் வெட்டி முடித்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் இறுதியில் இலைகள் மஞ்சளாகும்போது நீரை நிறுத்தி, கிழங்குகளைத் தோண்டியெடுத்து, நிழலில் ஒரு மாதம் ஓய்வில் வைத்து, வேறு நிலத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு கிழங்கு அதற்குள் பலவாகப் பெருகியிருக்கும். குழுவில் புதிதாகச் சேரும் உழவருக்கு அதுவே விதை.